எதுக்கு வெட்கப்படணும், எதுக்கு வேணாம்

வணக்கம் நேயர்களே. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ன்னு வேதத்துல வருமில்லையா, அந்த "கனம்"ங்கற சொல்லைக் கொஞ்சம் நின்னு பாருங்க. மதிப்புக்கு எபிரேயத்துல கபோத்னு பேரு, அதோட வேர்ச்சொல்லுக்கு பாரம், எடைன்னுதான் அர்த்தம், நம்ம கனமும் அதேதான். மானம்னா எபிரேயர்களுக்கு காத்துல பறக்கற விஷயம் இல்ல, தராசுல நிக்கற விஷயம்.

இன்னிக்கு நான் பேச வந்தது சீராக்கின் ஞானம்ங்கற புத்தகம் பத்தி. கத்தோலிக்க பைபிள்ல இருக்கு. கி.மு. 180 வாக்கில எருசலேம்ல ஒரு வாத்தியார் இளைஞர்களுக்காக எபிரேயத்துல எழுதினது, பின்னாடி அவரோட பேரன் எகிப்துல வச்சு கிரேக்கத்துக்கு மாத்தினார்.

அதுல 41, 42 அதிகாரத்துல வெட்கத்துக்குன்னே ஒரு பாடம் நடத்தறார். எதுக்கெல்லாம் வெட்கப்படணும்? பெரிய பாவம் மட்டும் இல்லங்க, சாப்பிடறப்ப முழங்கைய ஊணிக்கறது, வணக்கம் சொன்னவருக்கு பதில் சொல்லாம போறது, ஒருத்தருக்கு கொடுத்துட்டு அப்புறம் அதையே சொல்லிக்காட்டறது, இதெல்லாமே வெட்கம்தான்கறார். அந்தக் கடைசி ஒண்ணு என்னைக் குத்துச்சு.

அடுத்து, எதுக்கு வெட்கப்படவே கூடாதுன்னு சொல்றார்: கூட்டாளியோட கணக்கு பாக்கறது, தராசும் படிக்கல்லும் சரியா இருக்கான்னு பாக்கறது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கறது. எங்கப்பா ஒரு சொந்தக்காரருக்கு கைமாத்தா பணம் கொடுத்தப்ப எழுதி வாங்க கூச்சப்பட்டு, எப்படிக் கேக்கறது, நல்லாருக்காதுன்னு விட்டுட்டார், கடைசில பணமும் போச்சு, ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தையும் போச்சு. கூச்சத்துல நண்பனுக்கு வாக்கு கொடுத்து, வீணா அவனையே எதிரியாக்கிக்கறவனைப் பத்தி 20ஆம் அதிகாரத்துல படிச்சப்ப அப்பா முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா அந்த வாத்தியார் சொல்ற எல்லாத்தையும் என்னால ஏத்துக்க முடியாது. அதே 42ல பொம்பளப் பிள்ளைகளால அப்பனுக்கு தூக்கம் போகுது, அவமானம் வருதுன்னு எழுதறார், குடும்ப மானத்தை மொத்தமா பொண்ணு தலையில தூக்கி வைக்கறார், அந்த வரிகளை என் பொண்ணுக்கு நான் படிச்சுக் காட்ட மாட்டேன். தராசைப் பத்தின வரியை கண்டிப்பா படிச்சுக் காட்டுவேன்.

அந்த எபிரேய மூலம் பல நூற்றாண்டா காணாமப் போயிருந்துச்சு. 1964ல சாக்கடல் பக்கத்துல மசாதா கோட்டையைத் தோண்டினப்ப ஒரு தோல் சுருள் துண்டுதுண்டா கிடைச்சுது, கி.பி. 73 வாக்கில ரோமர்கிட்ட விழுந்த கோட்டை அது, அந்தத் துண்டுகள்ல இந்த வெட்கப் பாடமும் இருந்துச்சு.