லண்டன் கம்பனிக்குக் கொழும்பில் ஒரு பங்குக் கணக்கு

வணக்கம் நேயர்களே.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் வெள்ளவத்தையில் இரண்டு மூன்று நாள் தங்கிப் போகும் உறவினர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. லண்டனிலோ ரொறன்ரோவிலோ அவர்களுக்குச் சிறிய கம்பனி ஒன்று இருக்கும். கணவர் ஒரு பணிப்பாளர், மனைவி ஒரு பணிப்பாளர். சரக்கு இறக்குமதி, கணக்கெழுதும் வேலை, கணினித் தொழில் என்று ஏதோ ஒன்று நடக்கும். கம்பனியின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், அதைக் கம்பனிப் பெயரிலேயே கொழும்புப் பங்குச் சந்தையில் போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் அதற்கு அடுத்த வசனம், "விமானம் வியாழக்கிழமை, அதற்குள் கணக்கைத் திறந்து தாருங்கள்" என்பதாக இருக்கும். அதைக் கேட்டதும் எனக்குக் குடிக்கும் தேநீர் புரைக்கேறும்.

கம்பனிச் செயலாளர் தொழிலிலேயே என் காலம் போய்விட்டது. தீர்மானம் எழுதுவது, பதிவேடு வைப்பது, கையொப்பம் தேடி அலைவது எல்லாம் எனக்குப் பழக்கமான சங்கதிகள். அந்த உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். கம்பனி சிறியதாக இருப்பதால் காரியம் சுலபம் என்று நினைக்காதீர்கள். பெரிய ஓய்வூதிய நிதியம் ஒன்று வந்தால், அதன் பெயரை உலகமே அறியும். முதலீட்டாளரின் பங்குகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் பாதுகாவல் வங்கி ஒன்று அதற்காகப் பேசும். உங்கள் கம்பனிக்கு இரண்டு பணிப்பாளர்கள், கணக்காளருடைய முகவரியில் ஒரு பதிவு அலுவலகம், அவ்வளவுதான். அந்த முகவரியில் யார் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று வங்கி கேட்கும். கேட்கத்தான் வேண்டும்.

இங்குள்ள தனிமனிதர் ஒருவர் என்றால் இப்போது கைத்தொலைபேசிச் செயலியிலேயே கணக்குத் திறக்கலாம். கம்பனிக்கு அது சரிவராது. கம்பனிக்கு முகமில்லை, கைரேகை இல்லை. எனவே அதன் பின்னால் நிற்கும் ஆட்கள் யார் என்று தேடுவார்கள். நேயர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் இதற்கே வருவேன்: கோப்பு முழுவதும் அந்த ஆட்களைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். திறக்க வேண்டியவை இரண்டு கணக்குகள். ஒன்று, பங்குகள் இருக்கும் இடம். அதைச் சீ.டீ.எஸ். கணக்கு என்பார்கள், மத்திய வைப்பக முறைமை 1991 இல் வந்தது. அனுமதிப்பத்திரம் பெற்ற பங்குத் தரகர் ஊடாக அதைத் திறக்கலாம். மற்றது, பணம் இருக்கும் இடம். வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அது வர்த்தக வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு. தரகரிடம் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று விமானம் ஏறியவர்கள் உண்டு. பங்குக்கு இடம் கிடைத்தது, பணத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. கம்பனிகள் பதிவாளரிடம் போய் வெளிநாட்டுக் கம்பனியாகப் பதிய வேண்டுமா என்று கேட்பார்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அந்தப் பதிவைக் கேட்பது, இங்கே தொழில் நடத்த ஓர் இடம் அமைத்தால்தான். வெறுமனே பங்கு வாங்கி வைத்திருப்பதற்கு அது தேவையில்லை.

வெளிநாட்டுக் கம்பனியும் கொழும்புப் பங்குகளும் புதிய உறவு என்று யாரும் எண்ண வேண்டாம். கொழும்பில் பங்குத் தரகர்கள் சங்கமாகக் கூடியது 1896 இல். தேயிலைத் தோட்டங்களுக்கு மூலதனம் திரட்டுவதற்காகத்தான் கூடினார்கள். அந்தக் காலத்தில் ரூபாய்க் கம்பனி, ஸ்ரேலிங் கம்பனி என்று இரண்டு வகை. ஸ்ரேலிங் கம்பனி லண்டனில் பதிவானது. மலை இங்கே இருக்கும், பங்குதாரர் அங்கே இருப்பார். 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையானதோடு அந்தக் கதை முடிந்தது. அதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. வெளிநாட்டவர் பெயருக்குப் பங்கு மாறினால் அதன் பெறுமதியில் 100 வீதம் வரி. நூறு ரூபாய்ப் பங்குக்கு நூறு ரூபாய் வரி கட்டி எவர் வாங்குவார்? 1990 இல் அந்த வரி நீக்கப்பட்ட பிறகுதான் கதவு மறுபடி திறந்தது. நான் இதைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், ஆகவே பணக் கணக்குக்கு வருகிறேன்.

உள்முக முதலீட்டுக் கணக்கின் இயல்பு ஒன்றுதான்: பணம் வெளியிலிருந்து வர வேண்டும். கம்பனியின் வெளிநாட்டு வங்கிக் கணக்கிலிருந்து, கம்பனிப் பெயரிலேயே வந்தால் நல்லது. அப்படி வந்த பணத்தில் பங்கு வாங்குகிறீர்கள். பங்கிலாபம் அதே கணக்குக்கு வரும். விற்றால் விற்ற பணமும் அதே கணக்குக்கு வரும். அங்கிருந்து தடையின்றி வெளியே கொண்டு போகலாம். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அந்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் அமைந்தது இந்த ஏற்பாடு. அதற்கு முன்னர் வேறு பெயர்களில் இதே போன்ற கணக்குகள் இருந்தன.

இதில் அடிக்கடி வரும் சிக்கல் என்ன தெரியுமா? கம்பனி மருமகனுடையது. மாமியார் இங்கே காணி விற்ற பணத்தை ரூபாயாக வைத்திருக்கிறார். "அந்தக் காசைக் கம்பனிக் கணக்கில் போட்டால் என்ன, எல்லாம் ஒரு குடும்பம்தானே?" என்கிறார். குடும்பம் ஒன்றுதான் அம்மா, கணக்கு வேறு. இங்கே கிடைத்த ரூபாயை அந்தக் கணக்கில் போட்டால், வெளியிலிருந்து வராத பணத்துக்கு வெளியே போகும் உரிமையைக் கொடுத்ததாகிவிடும். அதனால்தான் வங்கி மறுக்கிறது. எதிரே இருக்கும் உத்தியோகத்தர் மீது கோபித்துப் பயனில்லை. பணிப்பாளர் தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பினாலும் கேள்வி வரும்: இது கம்பனிக்கு அவர் கொடுத்த கடனா, பங்கு முதலா? அனுப்புவதற்கு முன்பே அந்தக் கடனைக் கம்பனியின் புத்தகத்தில் பதிந்து, தாளொன்றையும் கையில் வைத்திருங்கள்.

இப்போது ஆட்களுக்கு வருகிறேன். இதற்குத்தான் இன்று வந்தேன் என்றே சொல்லலாம்.

2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்துக்குப் பிறகு, சந்தேகமான பணப் புழக்கத்தைக் கண்காணிக்க மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு இருக்கிறது. வங்கியும் தரகரும் கம்பனியின் உண்மையான உரிமையாளரை, அதாவது இறுதியில் லாபம் போய்ச் சேரும் இரத்தமும் சதையுமான மனிதரை, அடையாளம் கண்டாக வேண்டும். இங்கிலாந்தில் 25 வீதத்துக்கு மேல் பங்குள்ளவரின் பெயரை 2016 முதல் கம்பனி அந்நாட்டுக் கம்பனிப் பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது. அதை இங்கிருந்தே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வங்கி உத்தியோகத்தரும் பார்ப்பார்.

இரண்டு சகோதரர்களின் கம்பனி ஒன்று. லண்டனில் பதிவானது, பங்கு ஆளுக்குப் பாதி. நல்ல கம்பனி, ஒழுங்காக வரி கட்டுகிற கம்பனி. கோட்டையிலுள்ள வங்கியொன்றில் கோப்பைக் கொடுத்தோம். இளம் பெண் உத்தியோகத்தர். கடவுச்சீட்டு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு, கம்பனிப் பதிவேட்டின் பிரதி, முகவரிக்கான மின்சாரப் பட்டியல் என்று நான்கையும் மேசையில் வரிசையாக அடுக்கினார். கூர் சீவிய பென்சிலை எடுத்து, பெயரின் ஒவ்வோர் எழுத்துக்குக் கீழும் மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் பென்சில் நின்றது. ஒன்றில் ஆங்கில 'ரீ'க்குப் பக்கத்தில் 'எச்' இருக்கிறது, மற்றதில் இல்லை. பிறகு தலையை நிமிர்த்தி, "இவர்கள் சகோதரர்கள் என்கிறீர்கள். குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறதே?" என்றார்.

நேயர்களுக்குச் சிரிப்பு வரும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். அண்ணன் இங்கிருந்து போனபோது அப்பாவின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகப் பதிந்தது. தம்பி வேறு வழியில், வேறு ஆண்டில் போனார். அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி, அப்பாவின் பெயர் முதற்பெயராகிவிட்டது. ஆக அண்ணனின் குடும்பப் பெயரும் தம்பியின் முதற்பெயரும் ஒன்று. கம்பனிப் பதிவேட்டிலோ, வெள்ளைக்காரர் வாயில் நுழையட்டும் என்று இருவரும் பெயரைப் பாதியாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். நான்கு பத்திரம், இரண்டு மனிதர், எத்தனை பெயர் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அந்தப் பெண் நல்லவர். சிங்களவர், அவருடைய பெயருக்கு முன்னாலும் வீட்டுப் பெயர் நீளமாக ஓடும், ஆகவே சொன்னதும் அவருக்கு விளங்கியது. ஆனால் அவருக்கு விளங்கினால் போதாது. பெயர்கள் தடைப்பட்டியல்களோடு ஒப்பிடப்படுகின்றன. பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கும் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 1373 ஆம் இலக்கத் தீர்மானத்தின் கீழ் இங்கே வர்த்தமானியில் வெளியான பட்டியல்களில் நம்மவர் பெயர்களைப் போன்ற பெயர்கள் நிறைய உண்டு. பாதிப் பெயரைக் கொடுத்தால் யாரோ ஒருவரின் பெயரோடு அது பொருந்திவிடும். முழுப் பெயரும் பிறந்த திகதியும் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருந்தால், அந்த ஆள் இவரல்ல என்று ஒரு நாளில் தீரும். இல்லையென்றால் கோப்பு மேலதிகாரியிடம் போகும், அங்கிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகும்.

சகோதரர்கள் என்ன செய்தார்கள்? முதலில் லண்டனில் கம்பனிப் பதிவேட்டைக் கடவுச்சீட்டின்படி திருத்தினார்கள். பிறகு, இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியக்கடதாசி முடித்தார்கள். பிறகே கோப்பு நகர்ந்தது. வரிசை முக்கியம். பலர் சத்தியக்கடதாசியை முதலில் முடித்துவிட்டுப் பதிவேட்டைப் பிறகு திருத்துகிறார்கள். திருத்தியதும் பழைய கடதாசி பொருந்தாமல் போகிறது. ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: கம்பனி பதிவானதைக் காட்டும் கூட்டிணைப்புச் சான்றிதழைத் தேடுவதற்கு முன் உங்கள் கடவுச்சீட்டையும் கம்பனிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அதற்குக் கொழும்புக்கு வரத் தேவையில்லை.

அடுத்தது பணிப்பாளர் சபைத் தீர்மானம். இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன், ஆனால் கலையகக் கண்ணாடிக்கு அப்பால் மீதி நிமிடங்களை விரல்களால் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். "கணக்குத் திறப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் எழுதிக்கொண்டு வராதீர்கள். எந்தத் தரகர், எந்த வங்கி, வாங்க யார் சொல்லலாம், விற்க யார் சொல்லலாம், பணத்தை வெளியே அனுப்பக் கையெழுத்து யாருடையது, தனித்தா சேர்ந்தா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கொழும்பில் சந்தை காலை 9.30 க்குத் திறந்து பிற்பகல் 2.30 க்கு மூடுகிறது. திறக்கும்போது லண்டனில் குளிர்காலம் என்றால் அதிகாலை 4 மணி, ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 11 மணி. இரண்டு பணிப்பாளர்களும் சேர்ந்தே கட்டளையிட வேண்டும் என்று எழுதிவிட்டு, அந்த நேரத்தில் இருவரையும் எழுப்ப முடியுமா? கட்டளை கொடுக்க ஒருவர் போதும் என்றும், பணம் வெளியே போக இருவரும் வேண்டும் என்றும் பிரித்து எழுதுங்கள்.

பிரதிகளை அந்நாட்டு நொத்தாரிசோ இலங்கைத் தூதரகமோ உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். எந்த விதத்தில் வேண்டும் என்று வங்கியிடம் மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு பற்றிக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன், நேரம் போய்விட்டது. 10 கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலில் தரகும் ஏனைய கட்டணங்களுமாகச் சேர்ந்து 1.12 வீதம், அதில் 0.30 வீதம் அரசாங்கத்தின் பங்குப் பரிமாற்ற வரி. வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. பங்கிலாப வரியையும், உங்கள் நாட்டில் கம்பனி கட்ட வேண்டிய வரியையும் உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். கணக்குத் திறந்த பிறகு பணிப்பாளர் மாறினாலோ முகவரி மாறினாலோ தரகருக்கும் வங்கிக்கும் தனித்தனியே அறிவியுங்கள்; ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்குப் போகாது. நன்றி, வணக்கம்.