அப்பத்தாவுக்குப் புரிந்த ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் ஏதாவது பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். வலை, இஞ்சின், டீசல் பற்றியெல்லாம் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள், நான் ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். ராமநாதபுரத்தில் செல்போன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். ஊர் பாம்பன். அப்பா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். தடைக்காலம் என்றால் எங்கள் வீட்டில் கையில் காசு இருக்காது, நேரம் மட்டும் கொட்டிக் கிடக்கும். இப்போது 61 நாள். 2010இல், நான் சொல்லப்போகிற கதை நடந்தபோது, 45 நாள்தான்.

அந்த வருடம் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தார். பெட்டியில் கோடாலித் தைலம், சாக்லேட், ரெண்டு டார்ச் லைட், அடியில் துண்டில் சுற்றி ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 கேம் மெஷின். எந்த நாட்டு டிஸ்க்கைப் போட்டாலும் ஓடுகிற மாதிரி யாரோ மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கூடவே மூன்று டிஸ்க். ஒன்று கார் ரேஸ், ஒன்று ஃபுட்பால். இரண்டையும் சின்னப் பையன்கள் தேய்த்தே தீர்த்துவிட்டார்கள். மூன்றாவதைப் போட்டுப் பார்த்து எல்லோரும் எழுந்து போய்விட்டோம். அதன் பெயர் கல்ட்செப்ட்.

எழுந்து போனதற்குக் காரணம் இருந்தது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு பாதை, அதில் ஒரு பொம்மை, மேலே ஒரு பகடை. சண்டை என்றால் இரண்டு அட்டைகள் எதிரெதிரே வந்து நிற்கும், ஒரு மின்னல் அடிக்கும், அவ்வளவுதான். கார் ரேஸ் பார்த்த கண்ணுக்கு இது செலவு பண்ணாமல் செய்த சரக்காகத்தான் தெரியும். நிறுத்தப் போனேன். அப்போது திண்ணைப் பக்கம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, தாயக்கட்டம்தானே?"

இல்லை அப்பத்தா, இது வேற என்றேன். "வேற என்ன வேற. கட்டம் இருக்கு, காய் இருக்கு. வெட்டு உண்டா?" என்று கேட்டார். உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன்.

வெட்டு உண்டு. பகடை போட்டு நகர்கிறீர்கள். ஆளில்லாத நிலத்தில் நின்றால், கையிலிருக்கும் பூத அட்டை ஒன்றை அங்கே காவலுக்கு வைத்து நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அடுத்தவன் அங்கே வந்து நின்றால் சுங்கம் கட்ட வேண்டும். கட்ட மனமில்லையா, தன் கையிலிருந்து ஒரு பூதத்தை இறக்கிச் சண்டை போடலாம். ஜெயித்தால் நிலம் அவனுக்கு. தோற்றால் சுங்கத்தையும் கட்டிவிட்டுப் போக வேண்டும். காசுக்கு இந்த ஆட்டத்தில் மந்திர சக்தி என்று பெயர். கையிருப்பும் நிலத்தின் மதிப்பும் சேர்ந்து குறித்த அளவைத் தொட்டு, கிளம்பிய கோட்டைக்குத் திரும்பி வருகிறவன் ஜெயித்தவன்.

நிலங்களில் நெருப்பு, நீர், மண், காற்று என்று வகை உண்டு. நீர்ப் பூதத்தை நீர் நிலத்தில் வைத்தால் அதற்குத் தெம்பு கூடும். ஒரே வகை நிலங்களைச் சேர்த்துப் பிடித்தால் மதிப்பு ஏறும். செலவு செய்து ஒரு நிலத்தை ஐந்தாம் படி வரை உயர்த்தலாம். அதற்குப் பிறகு அங்கே வந்து விழுகிறவன் பாடு திண்டாட்டம்தான். சில பூதங்கள் காவலுக்கு மட்டும்தான். சுவர் மாதிரி நிற்கும், படையெடுத்துப் போகாது.

இதையெல்லாம் அப்பத்தாவுக்கு விளக்கினேன். பாதி கேட்டார், பாதியை வெற்றிலையோடு மென்றார். அப்புறம் பார்த்தால் எனக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். ஒரு வரைபடத்தில் இரண்டு பக்கமும் வளைந்து போகிற பாதை, நடுவில் ஒற்றை வழியாகச் சுருங்கும். நான் அகலமான இடத்தில் நிலமாக வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"பாலத்து வாயில கடையப் போடுடா. ராமேஸ்வரம் போறவன் எவனா இருந்தாலும் நம்மளத் தாண்டித்தானே போகணும்?"

பாம்பன்காரி சொன்னால் சும்மாவா? மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் குறுகலில் இருந்த மூன்று நிலத்தையே உயர்த்தினேன். எதிரிகள் வந்து வந்து மாட்டினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு முதல் வெற்றி. இங்கிலீஷ் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாதவர், படத்தைப் பார்த்தே எந்தப் பூதத்தை எங்கே வைப்பது என்று சொல்வார். எல்லாவற்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார், சிலது ரேடியோவில் சொல்ல முடியாது.

அப்பாவுக்குப் பிடித்த பகுதி வேறு. ஆட்டம் தொடங்கும் முன்பே 50 அட்டை கொண்ட ஒரு கட்டு நீங்கள் அமைக்க வேண்டும். நானூறுக்கு மேல் அட்டைகள் இருக்கின்றன. பூதம், ஆயுதம், மந்திரம் என்று எதில் எத்தனை என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும், ஒரே அட்டை நான்குக்கு மேல் கூடாது. ஒரு முறைக்கு ஓர் அட்டை கைக்கு வரும், ஆறுக்கு மேல் சேர்ந்தால் ஒன்றை எறிய வேண்டும். அப்பா இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த வலையை ஏத்துறதுன்னு கரையிலேயே முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பணும். நடுக்கடல்ல போய் முழிக்கக் கூடாது" என்றார். அந்தக் கட்டு அமைக்கிற வேலையைத் தடைக்காலம் முடிகிற வரைக்கும் அவரே எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் தொட்ட ஒரே வீடியோ கேம் இதுதான்.

இதைச் செய்தது ஓமியாசாஃப்ட் என்கிற சின்ன ஜப்பான் கம்பெனி. 1997இல் சேகா சாட்டர்ன் மெஷினுக்கு முதல் ஆட்டம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது 2003இல் அமெரிக்காவில் இங்கிலீஷில் வெளியான பதிப்பு. இசை கென்ஜி இத்தோ. ஆட்டத்தில் செலவை மிச்சம் பிடித்திருந்தாலும் இசையில் மிச்சம் பிடிக்கவில்லை. கதை ஒன்றும் உண்டு. உலகத்தைப் படைத்த புத்தகம் சிதறி அட்டைகளாகிவிட்டது, எல்லாவற்றையும் சேர்ப்பவன் புதிய உலகம் படைக்கலாம் என்று. பேசுகிற கைத்தடி ஒன்று வழிகாட்டியாக வரும். அதன் பேச்சை நாங்கள் பட்டனை அழுத்தித் தள்ளிவிடுவோம். நீங்களும் தள்ளிவிடலாம், குடி முழுகிப் போகாது.

ஜப்பானில் இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஆள் உண்டு. சுகோரோகு என்று அவர்களிடம் ஒரு பழைய விளையாட்டு இருக்கிறது. படம் வரைந்த தாளில் பகடை போட்டு முன்னேறுவது, கிட்டத்தட்ட நம் பரமபதம் மாதிரி. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்துப் பரமபதம் ஆடுகிற வழக்கம் நமக்கு. அவர்கள் புத்தாண்டுக்கு ஆடுவார்கள். அந்தப் பழக்கம் அப்படியே டிவி மெஷினுக்கும் வந்தது. 1988இலிருந்து ரயில் கம்பெனி நடத்துகிற மொமோதாரோ தென்தெத்சு, 1991இலிருந்து கடை வாங்கி விற்கிற இதாதாகி ஸ்ட்ரீட் என்று வரிசையாக வந்திருக்கின்றன. வெளிநாட்டில் இதை வாங்க ஆள் குறைவு. பகடை ஆட்டத்துக்கு எதற்கு மெஷின் என்பார்கள் ஒரு சாரார், மெஷின் வாங்கிப் பகடை உருட்டவா என்பார்கள் இன்னொரு சாரார். நடுவில் மாட்டிக்கொண்டது கல்ட்செப்ட். என்னைக் கேட்டால் மெஷின் செய்கிற பெரிய உபகாரம் கணக்கு. நாலு பேர் நிலம், அதன் படி, சுங்கம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தாளில் எழுதி ஆடிப் பாருங்கள், அரை மணி நேரத்தில் கைகலப்பு.

ஆனால் அந்த மெஷின் மேல் அப்பத்தாவுக்குக் கடைசி வரை ஒரு சந்தேகம் இருந்தது. "அதுவே போட்டுக்குது, அதுவே எண்ணிக்குது. யார் கண்டா?"

அவர் நியாயம் இதுதான். சுருக்குப்பையில் எப்போதும் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை வைத்திருப்பார். ஒரு கட்டைக்கு நாலு பக்கம், அதில் 0, 1, 2, 3. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது மொத்தம் 1, விழுவது இரண்டு விதத்தில்தான், எட்டுக்கு ஒன்று. இரண்டிலும் 0 விழுந்தால் பன்னிரண்டு, அது பதினாறுக்கு ஒன்று. அப்பத்தா இந்தக் கணக்கைப் போட்டவர் கிடையாது, ஆனால் அறுபது வருடம் உருட்டிய கைக்கு இது தெரியும். அடுத்தடுத்துத் தாயமாக விழுந்தால் எதிராளியின் விரலைத்தான் முதலில் பார்ப்பார். மெஷினுக்கு விரல் இல்லை, எதைப் பார்ப்பது?

நான் சிரித்தேன். பல வருடம் கழித்து ஒரு விஷயம் தெரியவந்தபோது சிரிப்பு போய்விட்டது. இதே ஆட்டத்தின் அடுத்த பதிப்பு ஒன்று, கல்ட்செப்ட் சாகா, 2006இல் ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தது. அதில் ஒரு பிழை. பகடையில் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் மாறி மாறி விழுந்தது. இப்போது ஒற்றை என்றால் அடுத்தது இரட்டை. கட்ட ஆட்டத்தில் இது தெரிந்துவிட்டால் அப்புறம் பகடை எதற்கு?

எப்படி இப்படி ஆகும் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டருக்கு உருட்டத் தெரியாது, கணக்குப் போடத்தான் தெரியும். பக்கத்தில் பேனா இருந்தால் போட்டுப் பாருங்கள். ஓர் எண்ணை எடுத்து 5ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16ஆல் வகுத்து, மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே கணக்கு. 1இல் தொடங்கினால் 8 வரும், பிறகு 11, 10, 5, 12, 15, 14. பார்த்தால் கலைந்து கிடக்கிற எண்கள். ஆனால் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று பிசகாமல் போகிறது பாருங்கள். மெஷினில் 16க்குப் பதிலாக மிகப் பெரிய எண் இருக்கும், ஆனால் குணம் இதேதான். கவனமில்லாமல் அதை 6ஆல் வகுத்த மீதியைப் பகடை ஆக்கினால், 6 இரட்டைப்படை என்பதால் அந்த மாறி மாறி வருகிற குணம் அப்படியே பகடைக்கும் வந்துவிடும். எங்கள் வீட்டு டிஸ்க்கில் அந்தக் கோளாறு இருந்ததாக நான் பார்க்கவில்லை. ஆனாலும் அப்பத்தாவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்போது அவர் இல்லை.

அவர் இருந்த அந்த 2010ஆம் வருடத்து மே மாதத்துக்கே திரும்பிப் போகிறேன். ஒரு சாயங்காலம், ஆட்டம் முக்கால்வாசி முடிந்த நேரம், கரண்ட் போய்விட்டது. சேமித்து வைக்கவில்லை. தம்பி அழாத குறை. அப்பத்தாதான், "சாக்பீஸ் எடுத்துட்டு வாங்கடா" என்றார்.

சிமெண்ட் தரையில் கட்டம் போட்டோம். கோட்டை ராமேஸ்வரம். அங்கிருந்து தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி என்று ராமநாதபுரம் வரை ஒரு பாதை. திரும்பி வரவும் பாலம் ஒன்றுதான், அதைக் கேட்டு அப்பத்தா முகத்தில் ஒரு சிரிப்பு. நீர் நிலத்துக்கு எங்கள் ஊர், காற்றுக்குத் தனுஷ்கோடி, மண்ணுக்குப் பனங்காடு. நெருப்புக்குச் சண்டை வந்தது. சாயல்குடிப் பக்கத்துக் கரிமூட்டம் என்றான் தம்பி, முதுகுளத்தூர் மிளகாய்க்காடு என்றான் அத்தை மகன். மிளகாய் ஜெயித்தது. பழைய காலண்டர் அட்டையை வெட்டி அப்பா பூதங்கள் வரைந்தார். சுறா, திருக்கை, நண்டு, சொறி மீன். பனைமரம் ஒன்று, காவலுக்கு மட்டும். திருக்கைக்குச் செத்தாலும் திருப்பிக் குத்துகிற சக்தி கொடுத்தார், குத்து வாங்கியவர் அவர். காசுக்குச் சோழி. பகடைக்கு, சொல்லவே வேண்டாம், பித்தளைக் கட்டை.

அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் சூடு பிடித்தது. தாயம் விழுந்தால்தான் கோட்டையிலிருந்து இறங்கலாம் என்று அப்பத்தாவே ஒரு சட்டம் சேர்த்தார். நாங்கள் எல்லோரும் இறங்கி நிலம் பிடித்துவிட்டோம், அவருக்கு மட்டும் விழவே இல்லை. இரண்டும் மூன்றுமாக உருட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, டிவி முழித்துக்கொண்டது, நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம்.

"உக்காருங்கடா எல்லாரும். எனக்கு இன்னும் தாயம் விழல."