நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம்?

விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, இந்த மண்டபத்தை ஆண்டுதோறும் முகம் கோணாமல் நமக்குத் தரும் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை அவர்களே, நம் தமிழ்ப் பள்ளி அதிபர் அம்மா, ஆசிரியர்களே, விடியற்காலையிலிருந்து பின்னால் அடுப்படியில் இடியப்பமும் சொதியுமாக நிற்கும் பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் இதே மேடையில் பேசிய வைத்தியர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இங்கிலாந்துப் பள்ளிக் கல்வியின் படிகளை விளக்கச் சொன்னார்கள். மழலைப் பருவம், ஆரம்பப் பள்ளி, இடைநிலைப் பள்ளி, தேர்வுகள், பெற்றோரின் பங்கு என்று ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பிறந்தது முதல் ஐந்து வயது வரை முதல் படி, ஏர்லி இயர்ஸ். அதன் கடைசி வருடம்தான் பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பான ரிசெப்ஷன். அரசாங்கத்தின் பாடத்திட்டம் இந்த வயதுக்கு ஏழு துறைகளைச் சொல்கிறது. அவற்றில் முதன்மையானவை மூன்று: பேச்சு, உடல் வளர்ச்சி, மற்றவரோடு பழகித் தன் மனதைக் கையாளுதல். எழுத்தும் கணக்கும் இந்த மூன்றுக்கும் அப்புறம்தான். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அந்த மொழியிலும் விளையாட, கற்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று இனி யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

அடுத்த படிகளைப் பிரித்து வைத்தது 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ரிசெப்ஷன் முடிந்து போகும் இயர் வன், இயர் டூ முதல் கட்டம். இயர் சிக்ஸ் வரை இரண்டாவது. ஏழு முதல் ஒன்பது வரை மூன்றாவது. பத்தும் பதினொன்றும், பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வான ஜிசிஎஸ்இக்கு. சரி, இதெல்லாம் பள்ளிக்கூடத்தார் தரும் தாளிலேயே இருக்கும். அந்தத் தாளில் பெரிதாகப் போடாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

எங்கள் தெருவில் ஒரு பெடியன், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிறந்தவன். நாலு வயது முடிந்த சில நாளிலேயே ரிசெப்ஷனில் சேர்த்துவிட்டார்கள். யூனிஃபோர்ம் ஜம்பர் முழங்காலைத் தொட்டது, கையை மூன்று மடிப்பு மடித்தும் விரல் வெளியே தெரியவில்லை. மத்தியானம் கதை சொல்லும் நேரத்தில் கம்பளத்திலேயே தூங்கிவிடுவான். நத்தார் நாடகத்தில் அவனுக்கு ஆட்டுக்குட்டி வேஷம், தலையில் பஞ்சு ஒட்டிய தொப்பி. தகப்பனுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். தேவதூதர் வந்தார், ஆடுகள் எல்லாம் எழும்பி ஓடின, நம்மவன் மட்டும் எழும்பவில்லை. நல்ல தூக்கம். மரியாளாக நடித்த சின்னப் பெண் குழந்தை இயேசுவின் போர்வையை எடுத்து வந்து இவனுக்குப் போர்த்திவிட்டாள் பாருங்கள், மண்டபமே சிரித்துக் கை தட்டியது. ஆனால் தகப்பனின் முகம் செத்துப்போய்விட்டது. அந்த வாரமே ட்யூஷனுக்கு ஆள் தேடினார்கள். அவனுடைய அம்மம்மா மட்டும் கேட்டார்: "பிள்ளை நித்திரை கொண்டால் கொள்ளட்டும், உங்களுக்கு ஏன் நித்திரை வரேல்ல?"

இயர் வன் ஜூன் மாதத்தில் ஃபொனிக்ஸ் தேர்வு வரும். நாற்பது சொல், அதில் பாதி அர்த்தமே இல்லாத, எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் செய்த சொற்கள். அதே வகுப்பில் செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஏறக்குறைய ஆறே முக்கால் வயது, இவனுக்கு ஐந்தே முக்கால். அந்த வயதில் ஒரு வருடம் எவ்வளவு பெரிது! இவன் தேறவில்லை, வீட்டில் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் கட்டாயப் பள்ளி வயது, ஐந்தாவது பிறந்தநாளுக்கு அடுத்த தவணையில்தான் தொடங்குகிறது. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளை, ஐந்து முடிந்து வரும் செப்டம்பர் வரை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அப்போதும் இயர் வன்னில் போடாமல் ரிசெப்ஷனிலேயே சேருங்கள் என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிச் சேர்க்கையை முடிவு செய்பவர்கள் கேட்டவுடன் தந்துவிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் நலனைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், தலைமை ஆசிரியரின் கருத்தையும் கேட்க வேண்டும். அந்தப் பெடியனின் தாய் தகப்பனுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நகரசபை உறுப்பினர் ஐயா, இந்தத் தகவலைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு நர்சரி வாசலிலும் ஒட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. இன்று எழுத்திலும் தருகிறேன்.

தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். இடைநிலைப் பள்ளி, ஜிசிஎஸ்இ பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஆரம்பப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15. விண்ணப்பத்தை வழக்கம்போலப் போடுங்கள், அடுத்த வருடம் ரிசெப்ஷனில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் கடிதமும் கூடவே வையுங்கள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா, நர்சரி ரீச்சர் என்ன சொல்கிறார், எல்லாம் எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாசலுக்குப் பக்கத்து மேசையில் நானும் இரண்டு ஆசிரியைகளும் இருப்போம். பிள்ளையின் பிறந்த திகதியைச் சொன்னால் போதும், கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.