விடாமல் பற்றிய துணி

அவையோர்க்கு வணக்கம். 1854இல் பாரிஸ் நகரத்து ஒளிப்படக் கலைஞர் டிஸ்டேரி, ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் ஒளிப்பட அட்டை அதன் பிறகு எளியவர்க்கும் எட்டும் பொருளாயிற்று. அமெரிக்கச் சர்க்கஸ் கொட்டகைகளில் தம் உடலையே காட்சியாக்கிப் பிழைத்தவர்கள் இதை விரைவில் கைக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடம் தம் படங்களைத் தாமே விற்றார்கள். நியூயார்க்கின் பவரி தெருவில் சார்லஸ் ஐசன்மனின் ஸ்டூடியோ இத்தகைய படங்களுக்கே பேர்போனது.

அவற்றில் என் கண் முதலில் செல்வது ஆடைக்கும் அமர்ந்திருக்கும் தோரணைக்கும்தான். கைகளின்றிப் பிறந்த சார்லஸ் டிரிப் நேர்த்தியாக உடுத்தி, கால்விரல்களால் கோப்பையைப் பிடித்திருக்கிறார். கால்கள் வளராத ஈலை போவன் மனைவி மக்கள் சூழ வீற்றிருக்கிறார். எங்களுக்கும் வீடு வாசல் உண்டு என்பதைத்தான் இவர்கள் அட்டையில் அச்சேற்றினார்கள். எல்லாமே மெய்யென்று நான் சொல்லவில்லை. குள்ள உருவத்தால் புகழ்பெற்ற மேடைக் கலைஞர்களான டாம் தம்ப், லவீனியா தம்பதியர் படத்தில் ஏந்திய குழந்தை தங்களுடையதன்று என்று லவீனியாவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் என் நெஞ்சை விட்டு அகலாதது மில்லி, கிறிஸ்டீன் சகோதரிகளின் படம். 1851இல் வட கரோலினாவில் அடிமைகளாக, இடுப்பெலும்பு ஒட்டிப் பிறந்த இவர்கள் குழந்தைப் பருவத்திலேயே விற்கப்பட்டார்கள், கடத்தப்பட்டார்கள், சென்ற ஊரிலெல்லாம் மருத்துவர்களின் சோதனைக்கு ஆளானார்கள். வளர்ந்து விடுதலை பெற்றபின் அத்தகைய சோதனைக்கு உடன்பட மறுத்தார்கள். அவர்களே விற்ற அட்டைகளில் ஒரே துணியில் தைத்த அழகிய கவுன் உண்டு, தலையலங்காரம் உண்டு. ஒட்டிய இடம் மட்டும் ஆடைக்குள் மறைந்திருக்கும்.

1871இல் பிலடெல்பியாவில் சிகிச்சைக்காக மருத்துவர் பான்கோஸ்டிடம் சென்றபோது, அந்த இடத்தைப் படமெடுக்க அவர் விரும்பினார். அவர்கள் ஆடையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். மிகவும் மன்றாடிய பிறகே, உடலில் ஓரளவு துணி இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு இணங்கினார்கள். முதுகு திறந்திருக்க, முன்புறத்துத் துணியை விடாமல் பிடித்தபடி நிற்கும் அந்தப் படம் மருத்துவ இதழில் வெளிவந்தது. வழக்கமாக இனிமை தவழும் அவர்கள் முகத்தில் அன்று வெறுப்பு தெரிந்தது என்று குறித்து வைத்தவரும் அதே மருத்துவர்தான்.

பின்னாளில் அவர்களின் மேடை வருமானம், தாம் அடிமைகளாகப் பிறந்த பண்ணை நிலத்தையே குடும்பத்துக்கு வாங்கித் தந்தது. 1912இல் இறக்கும்வரை அந்த மண்ணே அவர்களின் ஊராக இருந்தது.