"போர்டு போச்சு" என்று சொல்லுமுன்

வணக்கம் நேயர்களே. சமையல், இஸ்திரி என்று ஏதாவது வேலையாக இருப்பீர்கள். கை வேலையை விட வேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 30 ஆண்டுக்கு மேலாக வாஷிங் மெஷின், டிரையர், ஃபிரிட்ஜ் எல்லாம் பழுது பார்த்து வருகிறேன். இன்றைக்கு டிரையரைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வீட்டு வாசலில் கம்பியை இழுத்துக் கட்டித் துணி காயப்போட்டோம். மழை வந்தால் பக்கத்து வீட்டு ஆயா சத்தம் போடுவார், பிள்ளைகள் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவோம். இப்போது தாமான் குடியிருப்பு வீடுகளில் பகலில் ஆளே இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், மாலை 4 மணிக்குச் சொல்லிவைத்தது போல் மழை கொட்டுகிறது, காலையில் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வேண்டும். டிரையர் ஆடம்பரம் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

அந்த டிரையர் ஒருநாள் பாதியில் நின்றுவிடுகிறது. முகப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னுகின்றன. ஆளைக் கூப்பிட்டால் பின்மூடியைக் கழற்றும் முன்பே, "போர்டு போச்சுங்க" என்கிறார். எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருப்பேன்! இந்த இரண்டு வார்த்தைக்கு நானூறு வெள்ளி, ஐந்நூறு வெள்ளி என்று கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நான் இன்றைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான்.

போர்டு என்றால் மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை, உள்ளே இருக்கும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது துணியைப் பார்த்ததில்லை, சூட்டைத் தொட்டதில்லை. கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு சுவிட்ச் சொல்கிறது. காற்று எவ்வளவு சூடு என்று ஒரு சின்ன சென்சார் சொல்கிறது. துணி இன்னும் ஈரமா என்று இரண்டு உலோகப் பட்டைகள் சொல்கின்றன. வந்த சேதியை வைத்து ஹீட்டரைப் போடு, நிறுத்து, மோட்டாரைச் சுற்று என்று அது உத்தரவு போடுகிறது. தவறான சேதி வந்தால் தவறான உத்தரவுதான் போகும். அதனால் போர்டைச் சந்தேகப்படுமுன், போர்டுக்குச் சேதி சொல்கிறவர்களை விசாரிக்க வேண்டும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அப்பாவிடம் பார்த்தேன். அப்பாவுக்குத் தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் வேலை. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடம், பழைய தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். சூடு 60 டிகிரி பக்கம் நிற்க வேண்டும். ஏறினால் ஷீட்டில் கொப்புளம் போடும், குறைந்தால் நடுவில் ஈரம் வெள்ளையாகத் தங்கிவிடும். நடு ராத்திரியில் எழுந்து போய் டார்ச்லைட் அடித்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார். விறகைத் தள்ளுவார் அல்லது இழுப்பார், ஈரக்காற்று வெளியேற மேலே பலகையைத் திறந்து விடுவார். யோசித்துப் பார்த்தால் அதுவும் பெரிய டிரையர்தான். போர்டு செய்கிற வேலையை அப்பா செய்தார்.

ஒருமுறை ஷீட்டெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து, தூங்கிவிட்டாயா, கண் தெரியவில்லையா என்று எல்லார் முன்னாலும் அப்பாவைத் திட்டினார். அப்பா பதில் பேசவில்லை. தெர்மாமீட்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். குழாயின் உச்சியில், உள்ளிருக்கும் திரவத்தில் ஒரு துளி தனியாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி கீழே நின்றது. உள்ளே வெந்து போகும் சூடு, அது காட்டியது குறைவு. காட்டியதை நம்பி விறகு வைத்தது அப்பாவின் குற்றமா? எனக்கு அப்போது 11 வயது. அந்தத் துளி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, டிரையருக்கு வருகிறேன். எங்கள் ஊர்த் தாமானில் ஓர் அக்கா, பேரப்பிள்ளையை வளர்க்கிறார். மகன் சிங்கப்பூரில் வேலை செய்து வாங்கிக் கொடுத்த டிரையர். ஓட ஆரம்பித்து ஆறேழு நிமிடத்தில் நிற்கும், எண் மின்னும். ஒருவர் வந்து பார்த்து, போர்டு போச்சு என்று 480 வெள்ளிக்குப் புதிது மாற்றிவிட்டுப் போனார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்றது, அதே எண். புதுப் போர்டும் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா அழாத குறையாக எனக்கு போன் செய்தார்.

நான் போனதும் மெஷினைத் தொடவில்லை. "அக்கா, துணி போடாம ஓட்டினா நிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, சும்மா ஓட்டினா நல்லா ஓடுது. துணி போட்டாதான் இப்படி." எனக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்தது. முன்னால் வந்தவர் காலியாக ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று போயிருக்கிறார். துணியோடு சுற்றும்போதுதான் மெஷின் அதிரும். அதிர்ந்தால் வருகிற கோளாறு என்றால் எங்கேயோ ஒரு ஒயர் அல்லது இணைப்பு என்றுதான் முதலில் தேட வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்சை அணைத்தேன் என்று சொல்லவில்லை, பிளக்கைப் பிடுங்கினேன் என்கிறேன், கவனியுங்கள். பின்மூடியைக் கழற்றி, சூட்டு சென்சாரிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் போர்டு முனையில் கழற்றி, மீட்டரை மாட்டினேன். இந்த வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற ஓம், அதாவது மின்தடையின் அளவு, இறங்கும். பல மெஷின்களில் 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும், நம் ஊர்ச் சூட்டில் 8,000 பக்கம் வரும். எட்டாயிரம்தான் காட்டியது. சென்சார் நல்லது என்று அங்கேயே மூடியிருக்கலாம். மீட்டரைக் கழற்றாமல், ஒயரை இரண்டு விரலால் பிடித்து, முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போனேன். ஒயர்களைச் சேர்த்து இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வளைத்ததும் எண் மறைந்தது. விட்டால் வருகிறது, வளைத்தால் மறைகிறது. மேலே உறை முழுசாக இருந்தது. கீறிப் பார்த்தேன், உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, நுனிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. டிரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இழுபட்டு அறுந்திருக்கிறது.

அப்படியென்றால் புதுப் போர்டு போட்டதும் இரண்டு நாள் ஓடியதே, அது எப்படி? அக்காவும் இதைத்தான் கேட்டார். போர்டை மாற்றுகிறவர் எல்லா ஒயரையும் கழற்றி மாட்டுகிறார். அந்த அசைவில் அறுந்த இழைகள் திரும்பத் தொட்டுக்கொள்கின்றன, மெஷின் ஓடுகிறது, புதுப் போர்டுக்குப் பெயர் வந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

சூடு தாங்கும் ஒயரில் ஒரு துண்டு வைத்துச் சேர்த்தேன், பொருளுக்கு ஐந்து வெள்ளி ஆகியிருக்கும். அப்புறம் அக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதற்குள் பழைய துணியில் சுற்றிப் பழைய போர்டு. தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருக்கிறார். அதையே மாட்டி, நனைந்த துண்டுகளை நிறையப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவில்லை. அக்கா கதவைத் திறந்து, சூடான துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

நேரம் போகிறது. நீங்களே பார்க்கக்கூடிய இரண்டு விஷயம் சொல்கிறேன். துணி ஈரமாக இருக்கும்போதே, "முடிந்தது" என்று மெஷின் நின்றால், டிரம்முக்கு முன்னால், பஞ்சு வடிகட்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று இரண்டு பட்டை இருக்கிறதா பாருங்கள். ஈரத்துணி இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் கொஞ்சம் மின்சாரம் பாயும், காய்ந்த துணியில் பாயாது. வாசனைக்கு ஊற்றுகிறோமே சாஃப்ட்னர், அது நாளடைவில் அந்தப் பட்டைமேல் மெழுகு போலப் படிந்துவிடும். துணி சொட்டச் சொட்ட இருந்தாலும் காய்ந்தது என்றுதான் போர்டுக்குச் சேதி போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெள்ளை வினிகர் நனைத்த துணியால் துடைத்து, உலர விடுங்கள். பல வீட்டில் இதோடு சரியாகிவிடும்.

இன்னொன்று பஞ்சு. வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள், வெளியே காற்று போகும் குழாயையும் அவ்வப்போது பாருங்கள். குழாய் அடைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். போர்டு ஹீட்டரை அடிக்கடி நிறுத்தும், துணி காய இரண்டு மடங்கு நேரமாகும். அதையும் மீறினால் பாதுகாப்புக்கு வைத்த ஃபியூஸ் அறுந்து, டிரம் சுற்றும், சூடு வராது. அந்த ஃபியூஸைச் சுற்றி ஒயர் போட்டு நேராக இணைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் அப்படிச் செய்திருந்ததைக் கண்டு, உள்ளே பார்த்தால் பஞ்சு கருகிப் பழுப்பாக இருந்தது. வீடு எரிந்திருக்கும், நேயர்களே. யார் சொன்னாலும் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போர்டு கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. கெடும். நம் ஊரில் பல்லி ஒரு பெரிய காரணம். சூடாக இருக்கிறதே என்று உள்ளே போய், இரண்டு முனைக்கு நடுவில் காலை வைத்துவிடும், அதுவும் போகும், போர்டும் போகும். எறும்பு ரிலேக்குள் கூடு வைக்கும். அப்புறம் இடி. ரிலே என்றால் ஹீட்டருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி, டிக் என்று சத்தம் கேட்குமே அதுதான். 2,000 வாட் ஹீட்டர் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் அதன் வழியாகப் போகிறது. அதன் காலடியில் வைத்த ஈயம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வட்டமாக விரிசல் விடும். பல போர்டுகளைப் புது ஈயம் வைத்தே பிழைக்க வைக்கலாம். இதை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

அவசரமாக மூன்று. ஒன்று, போர்டில் வீட்டு மின்சாரம் நேராக ஓடும், மோட்டாருக்கான கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். இரண்டு, இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்ச் மட்டும் போதாது. மூன்று, ஆளைக் கூப்பிடுமுன் மின்னும் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, துணியோடா, காலியாகவா, அதையும் எழுதிக் கொடுங்கள். போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நன்றி நேயர்களே, வணக்கம்.