குற்றம் சொல்வதற்கும் ஒரு விலை இருந்தது

(இலங்கையின் வவுனியா மாவட்டத்து ஓமந்தையில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, பின்வாங்கில் இருக்கும் தம்பி தங்கைச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

'அன்றைய தலைவர்களும் இன்றைய அரசியலும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இதில் பேசுவது சுலபம். தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகத்தைப் புகழ வேண்டும், இப்போது இருப்பவர்களைத் திட்ட வேண்டும், கைதட்டலை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். திட்டுவதற்கு ஆள் தேவையென்றால் இந்த மண்டபத்துக்குள்ளேயே எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறீர்கள். அதனால் நான் உங்கள் ஊர்க் கதையிலேயே தொடங்குகிறேன்.

2016ஆம் ஆண்டு வவுனியாவுக்குப் பொருளாதார மத்திய நிலையம் வருகிறது என்றார்கள். மரக்கறிக்கும் பழத்துக்கும் பெரிய மொத்தச் சந்தை. காசும் ஒதுக்கியாயிற்று. எங்கே கட்டுவது, ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா? இவ்வளவுதான் கேள்வி. தாண்டிக்குளம் நகரத்துக்குக் கிட்ட என்றார்கள் சிலர். அங்கே கட்டினால் விவசாயப் பண்ணைக் காணி போய்விடும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் இருந்தவர்கள் அதை வைத்து மாதக்கணக்கில் அறிக்கை விட்டார்கள், பதில் அறிக்கை விட்டார்கள், உறுப்பினர்களிடம் தனித்தனியாகக் கருத்துக் கேட்டார்கள். கடைசியில் ஓமந்தையும் இல்லை, தாண்டிக்குளமும் இல்லை. மதவுவைத்தகுளத்தில் கட்டடம் எழும்பியது. எழும்பிய பிறகும் பல வருடம் பூட்டிக் கிடந்தது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்சியிடமும் ஒரு பதில் இருக்கிறது. எல்லாப் பதிலிலும் குற்றவாளி மற்றவர்தான். பப்பாசியையும் கத்தரிக்காயையும் விடியப்புறம் ஏற்றிக்கொண்டு போய், யாரோ சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு அந்தப் பதிலால் என்ன வரும்?

சரி, அந்தக் காலத்தில் இப்படிக் குற்றம் சாட்டவில்லையா? நன்றாகவே சாட்டினார்கள். தமிழ்க் காங்கிரஸும் தமிழரசுக் கட்சியும் மேடைக்கு மேடை மோதிக்கொண்டவை. ஆனால் 1948ஐ எடுத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன வருடம். அடுத்ததாக, அவர்கள் குடியுரிமை கேட்பதற்குக் கடும் நிபந்தனை போட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமூலம் டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போது வவுனியாவின் பிரதிநிதி சி. சுந்தரலிங்கம். வர்த்தக அமைச்சராகவும் இருந்தவர். வாக்கெடுப்பின்போது சபையை விட்டு எழுந்து போனார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கத்துக்குப் பதில் தன் பதவியைக் கொடுத்தார். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையிலேயே இருந்தார். கைத்தொழில் அமைச்சராக அவர் காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம் என்று தொழிற்சாலைகளுக்கு வழி செய்தார். பரந்தனில் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். செல்வநாயகம் காங்கிரஸை விட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்; 1952இல் காங்கேசன்துறையில் தோற்றும் போனார்.

யார் சரி என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கலாம். மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்திலும் மலையாளபுரத்திலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு பதில் வரும், பரந்தனில் கேட்டால் இன்னொன்று வரும். எனக்குப் படுவது இதுதான்: அன்றைக்கு எதிராளியைக் குற்றம் சொன்னவர், சொன்னதற்காகத் தன் கையிலிருந்த எதையோ இழக்கவும் ஆயத்தமாக இருந்தார்.

அதற்காக அவர்களைச் சாமியாக்க வேண்டாம். இதே சுந்தரலிங்கம்தான் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்று, ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடமாட்டேன் என்று மறித்தவர். பதவியைத் துறக்கத் தெரிந்தவருக்குச் சாதியைத் துறக்கத் தெரியவில்லை. நினைவுக் கூட்டங்களில் இதை ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால்தான் அவர் மனிதராகத் தெரிவார்.

செல்வநாயகம் 1972இல் புதிய குடியரசு யாப்பை மக்கள் ஏற்கவில்லை என்றார். அரசாங்கம் ஏற்கிறார்கள் என்றது. செல்வநாயகம் அறிக்கையோடு விடவில்லை, காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, முடிந்தால் தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. 1975 பெப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் 16,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவர் நடுக்க நோயால் தளர்ந்திருந்த கிழவர். அடுத்த வருடம் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கம் முதலானோரை விசேட நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, அவர்களுக்காக வாதாட வந்த சட்டத்தரணிகள் கூட்டத்தில் பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒருவரையொருவர் ஏசியவர்கள்! 1977இல் சில மாத இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

இன்றைக்கு வருவோம். 2013இல் தெரிவான வடக்கு மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் இல்லை, ஆளுநரின் ஆட்சிதான். ஏன்? 2017இல் மாகாணசபைத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் திருத்தினார்கள். புதிய தொகுதி எல்லை அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று சபை அந்தரத்தில் தொங்கியது. இப்போது எல்லோரும் மற்றவரைக் காட்டுகிறார்கள்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு ஓமந்தைக்கு வருகிறவரிடம் செல்வநாயகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அரை மணித்தியாலம் பேசுவார். 2017இல் உங்கள் கட்சி அந்தத் திருத்தத்துக்கு எப்படி வாக்களித்தது, 2018இல் எப்படி வாக்களித்தது என்று கேளுங்கள். பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பதிந்திருக்கிறது, அவர் மழுப்ப ஏலாது. பொருளாதார மத்திய நிலையத்தையும் மறக்காமல் கேளுங்கள்.

நன்றி. கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள், பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில்.