அந்த லிங்க் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் எங்கள் தெருவில் ஓர் அக்கா தன் கணினியைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். பிரவுசரைத் திறந்தாலே விளம்பரம். தேடும் பக்கமே மாறிப் போயிருந்தது. புதிதாக என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, படம் பாக்க வி.எல்.சி மட்டும்தான். அண்ணன் மகன் வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினான்" என்றார். அந்தப் பையன் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருக்கிறான். ஆனால் அந்த லிங்க், வி.எல்.சியை உருவாக்குகிறவர்களின் தளத்துக்குப் போகவில்லை. வேறு யாரோ விளம்பர மென்பொருளையும் சேர்த்துக் கட்டிவைத்த பொட்டலத்துக்குப் போனது.

வி.எல்.சி போன்ற கட்டற்ற மென்பொருளை யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். அந்த உரிமைக்காகத்தான் எனக்கு அதன்மேல் இத்தனை பற்று. அதனாலேயே, நகல் எந்தக் கையிலிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது.

ஜிம்ப்புக்கு நடந்ததைக் கேளுங்கள். படங்களைத் திருத்த உதவும் மென்பொருள் அது. அதன் விண்டோஸ் பதிப்பு சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தில் கிடைத்துவந்தது. அங்கே ஏமாற்று டவுன்லோட் பட்டன்கள் பெருகியதால், 2013 நவம்பரில் ஜிம்ப் குழு வெளியேறியது. 2015 மே மாதத்தில் பார்த்தால், அந்தப் பழைய கணக்கைத் தளமே தன் பிடியில் எடுத்துக்கொண்டு, விளம்பரம் ஒட்டிய இன்ஸ்டாலரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் நிறுத்தினார்கள். என்றைக்கோ ஒருவர் பகிர்ந்த லிங்க் அப்படியேதான் இருந்தது; அது போய்ச் சேரும் இடத்தின் குணம்தான் மாறிவிட்டது.

2023இல் கீபாஸ் என்ற கடவுச்சொல் காப்பானுக்கு ஒரு போலித் தளம் வந்தது. முகவரியில் இருந்த 'கே' என்ற ஆங்கில எழுத்தின் அடியில் சின்னதாக ஒரு கீற்று, அவ்வளவுதான் வித்தியாசம். திரையில் ஒட்டிய தூசி என்றுதான் நினைப்போம். கூகுள் விளம்பரத்தின் வழியாக ஆட்களை அங்கே இழுத்தார்கள்.

சரி, லிங்க்தானே வம்பு, கோப்பையே அனுப்பிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அனுப்பிய கோப்பு அன்றைய பதிப்போடு நின்றுவிடும். அப்புறம் அதில் ஓட்டை கண்டுபிடித்து அடைத்தாலும், குழுவில் சுற்றுவது பழையதுதான்.

அதிகாரப்பூர்வத் தளமே திறக்காவிட்டால்? 2022இல் வி.எல்.சியின் தளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. அப்போதும் போனில் பிளே ஸ்டோரில், வி.எல்.சியை உருவாக்கும் வீடியோலேன் குழுவினரின் வீடியோலேப்ஸ் நிறுவனத்தின் பெயரில் அது கிடைத்தது. அந்தப் பக்கத்தைப் பகிர்ந்திருக்கலாம்.

பேனா எடுத்துவிட்டீர்களா? வி.எல்.சிக்கு வீடியோலேன் புள்ளி ஓ ஆர் ஜி. ஜிம்ப்புக்கு ஜிம்ப் புள்ளி ஓ ஆர் ஜி. கடிதம், கணக்கு எழுத உதவும் லிப்ரே ஆபீஸுக்கு, இரண்டு சொல்லையும் சேர்த்தெழுதி, லிப்ரேஆபீஸ் புள்ளி ஓ ஆர் ஜி. எழுதியதை அந்த அண்ணன் மகனைப் போல உங்கள் வீட்டில் லிங்க் அனுப்புகிற பிள்ளையிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.